கெர்ஷாவும் ஏழாவது இன்னிங்ஸும்: லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து கூப்பர்ஸ்டவுன் வரை ஐந்து நாள்

முதல் நாள்: யூனியன் ஸ்டேஷன்

2025 உலகத் தொடர், அதாவது அமெரிக்க பேஸ்பாலின் பட்டப் போட்டி, முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பட்டம் வென்றது லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ். ஆனாலும் லாஸ் ஏஞ்சலிஸில் நீலத் தொப்பி போட்ட இரண்டு பேர் ஒரே பஸ்ஸில் ஏறினால் பேச்சு 22ஆம் எண்ணுக்குத்தான் போனது. அந்த எண் கிளேட்டன் கெர்ஷாவுடையது, இடதுகை பிட்சர், அதாவது பந்து வீசுபவர். 2008 மே 25 அன்று 20 வயதில் டாட்ஜர்ஸ் அணிக்காக முதல் ஆட்டம். 2025 செப்டம்பர் 18 அன்று ஓய்வு அறிவிப்பு. 18 சீசன், ஒரே அணி, 223 வெற்றி, 96 தோல்வி, 3,052 ஸ்ட்ரைக் அவுட் (பேட்டரைப் பந்தை அடிக்கவிடாமல் மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்டாக்குவது), இ.ஆர்.ஏ. 2.53.

இ.ஆர்.ஏ. என்பது பிட்சர் தன் கணக்கில் விட்டுக்கொடுத்த ரன்களை ஒன்பது இன்னிங்ஸுக்கு எவ்வளவு என்று சொல்லும் சராசரி. ஃபீல்டர்கள் கோட்டைவிட்டதால் வந்த ரன்கள் இதில் சேராது. ரன்னை 9ஆல் பெருக்கி, வீசிய இன்னிங்ஸால் வகுக்க வேண்டும். புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அட்டவணையில் 6.2 என்று இருந்தால் அது தசம எண் அல்ல, ஆறு இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும். ஓர் இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், அதனால் இது ஆறே முக்காலுக்குப் பக்கம், சரியாகச் சொன்னால் 6⅔. இந்தப் பயணத்தில் பல இடத்தில் இந்தக் கணக்கு வரும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பேட்டர்கள் கை ஓங்கியது. அதற்குப் பிறகு வந்த, நீண்ட காலம் ஆடிய ஸ்டார்ட்டிங் பிட்சர்களில், அதாவது ஆட்டத்தைத் தொடங்கி வீசுபவர்களில், 2.53க்குக் கீழே யாரும் இல்லை. அதே மனிதர் அக்டோபர் ஆட்டங்களில், அதாவது வழக்கமான சீசன் முடிந்து பட்டத்துக்காக நடக்கும் போஸ்ட் சீசனில், 13 வெற்றி, 13 தோல்வி, இ.ஆர்.ஏ. 4.62. ரசிகர்களின் சண்டை முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் நடக்கிறது. அந்தச் சண்டைக்குக் காரணமான இடங்களை வரிசையாகப் பார்ப்பதுதான் இந்த ஐந்து நாள் திட்டம்.

விமான நிலையத்திலிருந்து நகருக்கு வர ஃப்ளைஅவே பஸ் யூனியன் ஸ்டேஷனில் இறக்கிவிடும். ரொக்கம் வாங்க மாட்டார்கள், கார்டு வேண்டும். மாலை நெரிசலில் சிக்கினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குப் பயப்படுபவர்களுக்கு 2025 ஜூனில் திறந்த புதிய மெட்ரோ நிலையம் இருக்கிறது. ஆனால் மாறி மாறி ஏறவேண்டும், பெட்டி இருந்தால் சிரமம். டாப் கார்டு ஒன்று வாங்கிவிட்டால் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் அதுவே போதும்.

இரண்டாம் நாள்: டாட்ஜர் ஸ்டேடியம்

ஆட்ட நாளாக இருந்தால் யூனியன் ஸ்டேஷனிலிருந்து ஸ்டேடியத்துக்கு எக்ஸ்பிரஸ் பஸ் உண்டு, ஆட்ட டிக்கெட்டைக் காட்டினால் இலவசம். ஆட்டம் தொடங்க ஒன்றரை மணி நேரம் முன்பிருந்து ஓடும். ஆட்டம் இல்லாத நாளில் அந்த பஸ் இல்லை. ஸ்டேடியம் டூருக்கு மட்டும் வருகிறவர்கள் இதைக் கவனிக்காமல் ஸ்டேஷன் வாசலில் காத்து நிற்கிறார்கள். அவர்களுக்கு வழி, சன்செட் பூல்வார்டில் ஓடும் நகரப் பஸ்ஸில் வின் ஸ்கல்லி அவென்யூ முனையில் இறங்கி மேடேறுவது. சைனாடவுன் ரயில் நிலையத்திலிருந்தும் நடக்கலாம், அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஏற்றம்தான். முட்டிவலி இருப்பவர்கள் டாக்ஸி பிடிப்பது நல்லது.

டூர் தொடங்குவது ஸ்டேடியத்தின் உச்சியில், டாப் டெக் பக்கம். 1962இல் மலைச்சரிவைச் செதுக்கிக் கட்டிய அரங்கம் இது. அதனால் ஒவ்வொரு அடுக்குக்கும் அதே மட்டத்தில் கார் நிறுத்தும் இடம் இருக்கிறது. தப்பான பார்க்கிங்கில் இறங்கினால் அடுக்கடுக்காகப் படி ஏறவேண்டும். இந்த நிலத்தில் முன்பு வீடுகள் இருந்தன. சாவேஸ் ரவீன் குடியிருப்பின் கடைசி மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களை 1959இல் போலீஸ் வைத்து வெளியேற்றினார்கள். டூரில் மைதானத்தின் அழகைப் பார்க்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீசனில் வருபவர்களுக்கு எங்கே உட்காருவது என்று ஒரு வார்த்தை. பிட்சரைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் விலை உயர்ந்த முன்வரிசை தேவையே இல்லை. பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், ரிசர்வ் அடுக்கின் நடுப்பகுதி போதும். அங்கிருந்து ஸ்லைடர் பக்கவாட்டில் விலகுவது தெரியும். கர்வ் பால் கீழே விழுவதைப் பார்க்க வேண்டுமானால் பக்கவாட்டு இருக்கை வேண்டும். பேஸில் (ரன் எடுக்க ஓடுபவர் தொடவேண்டிய மூலைகளில் ஒன்றில்) ரன்னர் இருக்கும்போது இடதுகை பிட்சர் முதல் பேஸ் பக்கம் பார்த்துத்தான் நிற்பார், ஆகவே அவர் முகம் தெரிய முதல் பேஸ் பக்கமே சரி. ஆனால் மாலை வெயில் மூன்றாம் பேஸுக்குப் பின்னாலிருந்து வருவதால் முதல் பேஸ் பக்கத்தில் இருப்பவர்களுக்கு முதல் சில இன்னிங்ஸ் கண் கூசும். தொப்பி கட்டாயம்.

கெர்ஷாவின் வீச்சு நேரில் பார்க்காதவர்களுக்கு: இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குவார். வலதுகால் உயர்ந்து, நேராகக் கீழே இறங்கி, ஒரு கணம் நின்று, பிறகு முன்னால் பாயும். அந்த ஒரு கணம்தான் பேட்டரின் தாளத்தைக் குலைக்கும். பந்து உச்சியிலிருந்து வரும். ஃபாஸ்ட் பால், ஸ்லைடர், கர்வ் மூன்றும் ஒரே கையசைவில் கிளம்பும். நல்ல காலத்தில் ஃபாஸ்ட் பால் மணிக்கு 150 கிலோமீட்டர், கர்வ் 117 அல்லது 118. முன்னோக்கிச் சுழலும் கர்வ் பந்தை காற்று கீழே அழுத்துவதால் அது தோள் உயரத்தில் வருவதுபோல் காட்டி முட்டியருகே விழும். கடைசி ஆண்டுகளில் ஃபாஸ்ட் பால் 145க்குக் கீழே இறங்கிவிட்டது, ஸ்லைடரும் வேகம் குறைந்தது. அப்படியும் 2025இல் 11 வெற்றி, 2 தோல்வி. வேகம் போன பிறகு இடத்தை வைத்தே பிழைத்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சென்டர் ஃபீல்ட் முற்றத்தில் ஜாக்கி ராபின்சன் சிலையும் 1960களின் டாட்ஜர்ஸ் பிட்சர் சாண்டி கூஃபாக்ஸ் சிலையும் இருக்கின்றன. கூஃபாக்ஸ் சிலை முன்னால் நின்றால் போதும், விவாதம் தானாகத் தொடங்கிவிடும். அதே அணி, அதே இடதுகை, அதே கர்வ் பால், தலா மூன்று சை யங் விருது (ஆண்டின் சிறந்த பிட்சருக்குத் தருவது). கெர்ஷா வாங்கியது 2011, 2013, 2014இல். 2014இல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் சேர்த்து. மொத்தக் கணக்கில் கெர்ஷா மேலே: கூஃபாக்ஸ் 165 வெற்றி, இ.ஆர்.ஏ. 2.76, கை மூட்டு வாதத்தால் 30 வயதில் ஓய்வு. அக்டோபரில் கூஃபாக்ஸ் இருப்பது கெர்ஷா எட்டாத உயரத்தில்: 57 இன்னிங்ஸ், இ.ஆர்.ஏ. 0.95.

கெர்ஷா பக்கம் பேசுபவர்களின் பதில், கூஃபாக்ஸ் காலத்தில் உலகத் தொடர் மட்டுமே இருந்தது, இப்போது அதற்கு முன் பல சுற்று உண்டு, கெர்ஷா அக்டோபரில் வீசியது 196 இன்னிங்ஸுக்கு மேல், ஒரு முழு சீசன் அளவு என்பது. பிட்சர் நின்று வீசும் மேடான மவுண்டின் உயரம் அப்போது 15 அங்குலம், 1969 முதல் 10 அங்குலம் என்பதையும் சேர்ப்பார்கள். இரண்டுமே உண்மை. ஆனால் இரண்டுமே 4.62ஐ விளக்கவில்லை. கெர்ஷாவும் வழக்கமான சீசனில் அதே 10 அங்குல மவுண்டில்தானே 2.53 வைத்திருந்தார்.

எங்கள் கருத்தில் விளக்கம் ஏழாவது இன்னிங்ஸில் இருக்கிறது. 2014 அக்டோபர் 3, இதே மைதானம், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு எதிராக. ஆறு இன்னிங்ஸ் முடிவில் டாட்ஜர்ஸ் 6-2 முன்னிலை. ஏழாவதில் ஒற்றை ஒற்றையாக அடி விழுந்தது, மாட் கார்பென்டர் மூன்று ரன் டபுள் (பேட்டர் இரண்டாம் பேஸ் வரை போகும் அடி) அடித்தார், அந்த இன்னிங்ஸில் மட்டும் கார்டினல்ஸ் 8 ரன். ஆட்டம் 10-9 என்று கைவிட்டுப் போனது. கெர்ஷா கணக்கு: 6⅔ இன்னிங்ஸ், 8 ரன். 8 × 9 ÷ 6.67 = 10.8. நாலு நாள் கழித்து செயின்ட் லூயிஸில், மூன்றே நாள் ஓய்வில், மறுபடி அவரே. ஆறு இன்னிங்ஸ் ஒரு ரன்னும் இல்லை. 2-0 முன்னிலை. ஏழாவதில் மாட் ஆடம்ஸ் கர்வ் பாலை வேலிக்கு வெளியே மூன்று ரன் ஹோம் ரன்னாக அடித்தார். சீசன் முடிந்தது.

ஏன் ஏழாவது? பேட்டிங் வரிசை ஒன்பது பேர். ஆறாவது ஏழாவது இன்னிங்ஸில் அவர்கள் மூன்றாம் முறை வருவார்கள். மூன்றாம் முறை பார்க்கும் பிட்சரை எல்லா பேட்டரும் நன்றாக அடிப்பார்கள் என்பது லீக் முழுக்க நிரூபணமானது, கெர்ஷாவுக்கு மட்டும் உரியதல்ல. அதோடு களைப்பு சேர்ந்தால் கர்வ் ஒரு சாண் மேலே நிற்கும். மற்ற அணிகள் அந்த நேரத்தில் ரிலீஃப் பிட்சரை, அதாவது மாற்று பிட்சரை, கொண்டுவரும். டாட்ஜர்ஸ் அந்த ஆண்டுகளில் களைத்த கெர்ஷாவை தங்கள் ரிலீஃப் பிட்சர்களைவிட அதிகம் நம்பியது. நம்பிக்கைக்குக் கொடுத்த விலை அவர் பெயரில் எழுதப்பட்டது.

2019 அக்டோபர் 9, இதே மைதானம், வாஷிங்டனுக்கு எதிராக. ஏழாவதில் ரிலீஃபாக வந்து மூன்றே பந்தில் ஒருவரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். எட்டாவதுக்கும் அனுப்பினார்கள். ரென்டோன் ஹோம் ரன், அடுத்த பந்திலேயே சோட்டோ ஹோம் ரன், 3-3.

எதிர்த்தரப்பு இதற்கு ஒரே ஒரு தேதி சொல்லும்: 1965 அக்டோபர் 14. மினசோட்டாவில் உலகத் தொடரின் 7வது ஆட்டம், கூஃபாக்ஸுக்கு இரண்டே நாள் ஓய்வு, ஒன்பது இன்னிங்ஸும் வீசி 2-0. பெரிய பிட்சர் களைப்பைச் சாக்காகச் சொல்லமாட்டார் என்பது அவர்கள் வாதம். இதற்கு முழுமையான பதில் கிடையாது. 2023இல் அரிசோனாவுக்கு எதிராக முதல் இன்னிங்ஸிலேயே ஒரே ஒரு அவுட் மட்டும் எடுத்து 6 ரன் கொடுத்ததற்கும் ஏழாவது இன்னிங்ஸ் விளக்கம் பொருந்தாது. அன்று அவருக்குத் தோள் சரியில்லை, அடுத்த மாதமே அறுவை சிகிச்சை.

டூரில் வந்தவர்கள் அதிக நேரம் நின்றது மவுண்டைப் பார்த்துத்தான். 2025 ஜூலை 2 அன்று அங்கிருந்துதான் 100வது பந்தில், ஆறாவது இன்னிங்ஸின் கடைசி அவுட்டாக, 3,000வது ஸ்ட்ரைக் அவுட். வின்னி காப்ரா மட்டையை அசைக்காமலே நின்றார். வரலாற்றில் 20வது ஆள். அக்டோபர் 27 அன்று டொரண்டோவுக்கு எதிராக 18 இன்னிங்ஸ் நீண்ட உலகத் தொடரின் 3வது ஆட்டத்தில், 12வது இன்னிங்ஸ், இரண்டு அவுட், எல்லா பேஸும் நிரம்பியிருக்க அவரைக் கூப்பிட்டார்கள். எதிரே நேதன் லூக்ஸ். கணக்கு மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக் வரை போனது. எட்டாவது பந்து, இரண்டாம் பேஸ் பக்கம் தரையடி, அவுட். ஆறு இன்னிங்ஸ் கழித்து ஃப்ரெடி ஃப்ரீமன் ஹோம் ரன்னில் 6-5. கெர்ஷா தொழில்முறையில் கடைசியாக வீசியது அந்த எட்டுப் பந்துதான்.

மூன்றாம் நாள்: ஆர்லிங்டன், டெக்சஸ்

டாலஸுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் நடுவில் இருக்கும் ஆர்லிங்டனில் நகர ரயில் இல்லை. டாலஸிலிருந்து டிரினிட்டி ரயில்வே எக்ஸ்பிரஸில் சென்டர்போர்ட் வரை வந்து, அங்கிருந்து செயலியில் கூப்பிடும் பகிர்வு வேனில் போகவேண்டும். அந்த ரயில் ஞாயிற்றுக்கிழமை ஓடாது, திட்டமிடும்போதே பாருங்கள். நாலு பேர் சேர்ந்து போனால் வாடகைக் கார் எளிது.

குளோப் லைஃப் ஃபீல்ட் 2020இல் திறந்தது, கூரை மூடித் திறக்கும், தரை செயற்கைப் புல். கொரோனா ஆண்டில் உலகத் தொடர் முழுவதும் இங்கேயே நடந்தது, சுமார் 11,000 பேர் மட்டும் அனுமதி. கெர்ஷா பிறந்து வளர்ந்த டாலஸ் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் ஆட்டம் 6 இன்னிங்ஸ், 1 ரன், 8 ஸ்ட்ரைக் அவுட், வெற்றி. ஐந்தாவது ஆட்டமும் வெற்றி.

அந்த ஐந்தாவது ஆட்டத்தின் நாலாவது இன்னிங்ஸைத்தான் இங்கே வந்து மைதானத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். மூன்றாம் பேஸில் டாம்பா பேயின் மனுவேல் மார்கோ. இடதுகை பிட்சர் மூன்றாம் பேஸுக்கு முதுகு காட்டி நிற்பார், அதிலும் கெர்ஷா கையை மேலே தூக்கி நிதானமாக நிறுத்துபவர். அந்த இடைவெளியில் மார்கோ ஹோம் பிளேட்டுக்கு ஓடினார். முதல் பேஸில் நின்ற மேக்ஸ் மன்ஸி கத்தினார். கெர்ஷா பதறி பிட்ச் போடவில்லை. மவுண்டிலிருந்து காலை எடுத்து கேட்சரிடம் நேராக எறிந்தார், அவுட். காலை எடுக்காமல் தடுமாறியிருந்தால் பாக், அதாவது பிட்சரின் விதிமீறல், என்று சொல்லி நடுவரே ரன்னைக் கொடுத்திருப்பார். அக்டோபரில் இவருக்கு மனத்திடம் இல்லை என்பவர்கள் இந்த இரண்டு வினாடியைப் பார்த்துவிட்டுப் பேசவேண்டும்.

அன்று ஆறாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் எடுத்ததும், 85 பந்தில், மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் அவரை மாற்றினார். அரங்கில் கூச்சல். ஆனால் 2014இல் செய்யாததை இங்கே செய்தார்கள், ஆட்டம் 4-2. ஏழாவது இன்னிங்ஸ் அவருக்கு வரவே இல்லை.

அந்த ஆண்டு சீசன் 60 ஆட்டம் மட்டும், ஆகவே அந்தப் பட்டம் முழுப் பட்டம் அல்ல என்பது ஒரு தரப்பு. 2024 பட்டத்தின்போது அவர் காயத்தில், ஒரு பந்தும் வீசவில்லை. 2025இல் எட்டுப் பந்து தவிர மற்றதெல்லாம் பிலடெல்பியாவுக்கு எதிரான ஒரு மோசமான ரிலீஃப். பட்டங்களுக்குக் கிடைத்த மூன்று மோதிரத்தில் எத்தனை அவருடையது என்று கேட்கிறார்கள். எங்களுக்கு 2020 முழுவதும் அவருடையதுதான். மற்ற இரண்டும் அணியினுடையது, அதை மறைக்கத் தேவையில்லை.

டெக்சஸில் இன்னொரு ஊரும் இந்தக் கதையில் உண்டு, ஹூஸ்டன். 2017 உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் 4-0 முன்னிலையும் போனது, 7-4 முன்னிலையும் போனது. கெர்ஷா 4⅔ இன்னிங்ஸ், 6 ரன். கடைசியில் 13-12. அந்த ஆண்டு ஆஸ்ட்ரோஸ் அணி தன் மைதானத்தில் கேமராவால் கேட்சரின் சைகையைப் பார்த்து, குப்பைத் தொட்டியைத் தட்டி பேட்டருக்குச் சொன்னது என்று லீக் 2020 ஜனவரியில் அறிவித்தது. மேனேஜருக்கும் பொது மேலாளருக்கும் ஓராண்டுத் தடை, 50 லட்சம் டாலர் அபராதம். பட்டத்தைப் பறிக்கவில்லை. கர்வும் ஸ்லைடரும் வரப்போவது முன்பே தெரிந்தால் கெர்ஷாவிடம் மிச்சம் இருப்பது சாதாரண ஃபாஸ்ட் பால்தான். அன்று எந்த அடி திருட்டால் வந்தது, எது சொந்தத் திறமையால் வந்தது என்று பிரிக்க வழியில்லை. ஆனால் அந்த 6 ரன்னை எந்தக் குறிப்பும் இல்லாமல் 4.62இல் சேர்ப்பது நியாயம் இல்லை.

நாலாம் நாள்: ஆல்பனிக்கு விமானம்

பயண நாள். ஓய்வாக இருக்கும்போது ஸ்கோர் அட்டை எழுதப் பழகலாம். பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட் ஸ்டாப் 6, இடம், நடு, வலம் 7, 8, 9. லூக்ஸ் அவுட்டானது 4-3. ஸ்ட்ரைக் அவுட்டுக்கு கே எழுத்து. மட்டை அசைக்காமல் அவுட்டானால் அந்த எழுத்தைத் திருப்பிப் போடவேண்டும், காப்ராவுக்கு அப்படி. பேனா வேண்டாம், பென்சில்.

எழுதிப் பார்க்க ஏற்ற ஆட்டம் 2014 ஜூன் 18, கொலராடோவுக்கு எதிராக ஹிட் கொடுக்காமல் முடித்தது. 15 ஸ்ட்ரைக் அவுட், வாக் (நாலு பால் போட்டு பேட்டரைச் சும்மா முதல் பேஸுக்கு விடுவது) ஒன்றும் இல்லை. ஷார்ட் ஸ்டாப்பின் ஒரு பிழையால் மட்டும் பர்ஃபெக்ட் கேம், அதாவது ஒருவரையும் பேஸுக்கு விடாத ஆட்டம், போனது. 2022 ஏப்ரல் 13 மினசோட்டாவில் குளிரில் 7 இன்னிங்ஸ் ஒருவரையும் பேஸில் விடாமல், 80 பந்தில், 13 ஸ்ட்ரைக் அவுட்டோடு இருந்தவரை மாற்றினார்கள். அணி முதலாளிகள் வீரர்களை வெளியே நிறுத்திய லாக் அவுட்டால் பயிற்சிக் காலம் குறைந்த ஆண்டு அது. அவரே ஆட்சேபிக்கவில்லை. ரசிகர்கள் இன்றும் ஆட்சேபிக்கிறார்கள்.

ஐந்தாம் நாள்: கூப்பர்ஸ்டவுன்

ஆல்பனியிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். ரயில் கிடையாது. கோடையில் ஊருக்கு வெளியே காரை நிறுத்தி டிராலியில் வரலாம், நவம்பரில் அது ஓடாது, ஆனால் அப்போது மெயின் ஸ்ட்ரீட்டிலேயே இடம் கிடைக்கும். பேஸ்பாலின் மிகச் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் மியூசியம் நன்றி நவிலும் நாள், கிறிஸ்துமஸ், புத்தாண்டு தவிர எல்லா நாளும் உண்டு. நாங்கள் போனது நன்றி நவிலும் நாளுக்கு முந்தின நாள், ஆகவே அன்றே பார்த்துவிட வேண்டியிருந்தது.

இதில் இடம்பெற விதி இது: ஓய்வு பெற்று ஐந்து சீசன் ஆகவேண்டும். பத்தாண்டு அனுபவமுள்ள பேஸ்பால் எழுத்தாளர்கள் ஆளுக்குப் பத்துப் பெயர் வரை எழுதலாம். 75 சதவீதம் வேண்டும், 5க்குக் கீழே போனால் பட்டியலிலிருந்து நீக்கம். கெர்ஷாவுக்கு முடிவு 2031 ஜனவரியில் வரும், விழா அந்த ஜூலையில். ஜூலை விழா வாரத்துக்கு அறை வேண்டுமென்றால் ஓராண்டு முன்பே பிடிக்கவேண்டும், ஊரின் மக்கள்தொகை 2,000கூட இல்லை. முதல் ஆண்டே நுழைவாரா என்று யாரும் கேட்கவில்லை. ஒருவர்கூட விடாமல் வாக்களிப்பார்களா என்பதுதான் கேள்வி. அந்தப் பெருமை 2019இல் மரியானோ ரிவேராவுக்கு மட்டும் கிடைத்தது. இச்சிரோவுக்கு 2025இல் ஒரே ஒரு வாக்கு குறைந்தது. அக்டோபரைக் காரணம் காட்டி யாராவது ஒருவர் கெர்ஷாவை விடக்கூடும்.

வெண்கலப் பலகைகள் வரிசையில் ஜாக் மோரிஸைத் தேடிப் பாருங்கள். இ.ஆர்.ஏ. 3.90. 15 ஆண்டு எழுத்தாளர்களிடம் தோற்று, 2018இல் குழு வழியாக நுழைந்தவர். 1991 உலகத் தொடரின் 7வது ஆட்டத்தில் பத்து இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசிய ஒரு இரவுதான் அவரைக் கடைசிவரை பேச்சில் வைத்திருந்தது. ஒரு இரவு இவ்வளவு கொடுக்கும் என்றால், சில இரவுகள் எவ்வளவு பறிக்கும் என்று அவர் பலகை முன்னால் நிற்கும் ரசிகர்கள் கணக்குப் போடுகிறார்கள்.

ஆனால் கெர்ஷாவுக்குச் சரியான துணை 1936இல் நுழைந்த முதல் ஐவரில் ஒருவரான வால்ட்டர் ஜான்சன். ஒரே அணிக்கு ஆடி 3,000 ஸ்ட்ரைக் அவுட் தாண்டியவர்கள் மூன்று பேர்தான்: ஜான்சன், பாப் கிப்சன், கெர்ஷா. 1924 உலகத் தொடரில் ஜான்சன் இரண்டு ஆட்டம் தோற்று, 7வது ஆட்டத்தில் ரிலீஃபாக வந்து நாலு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் ஜெயித்தார். மறு ஆண்டு பிட்ஸ்பர்கில் 7வது ஆட்டம், கொட்டும் மழை, 4-0 முன்னிலை. 15 ஹிட் விழுந்தும் மேனேஜர் பக்கி ஹாரிஸ் அவரை மாற்றவில்லை. 9-7 தோல்வி. அப்போதே ஹாரிஸை வறுத்தெடுத்தார்கள், ஜான்சனை அல்ல.

ஜான்சன் பலகை கண்மட்டத்தில்தான் இருக்கிறது. அவர் வேகம் இருக்கிறது, ஸ்ட்ரைக் அவுட், ஷட் அவுட் (எதிரணிக்கு ரன்னே கொடுக்காத ஆட்டம்) சாதனை இருக்கிறது, 414 வெற்றி என்று இருக்கிறது. இப்போதைய பதிவேடுகளில் அது 417. பலகையைத் திருத்தவில்லை. 1925 மழை ஆட்டம் அதில் ஒரு சொல்லாகக்கூட இல்லை.